சந்தேகம் எழுந்தவுடனே

இரண்டு வயது நிரம்பியும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாராமல், பொம்மைக் காரை ஓட்டாது அதன் சக்கரத்தை மட்டும் ஓயாமல் சுழற்றிக்கொண்டிருக்கும் குழந்தையைக் கண்டு தாய் சஞ்சலப்படும்போது, ‘இவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்’ என்று வீட்டுப் பெரியவர்கள் கூறும் சமாதானம், வாத்சல்யத்தால் பிறந்ததேயாயினும், சிகிச்சைக்குரிய அருமையான காலத்தை விழுங்கிவிடுகிறது. இத்தகைய அறிகுறிகள் சுட்டக்கூடிய ஆட்டிசத்தை ரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ நிர்ணயிக்க இயலாது. செவித்திறனைச் சோதித்து, குழந்தையின் விளையாட்டையும் பார்வையையும் பேச்சையும் நிதானமாகக் கவனித்து, பெற்றோரிடம் விவரம் கேட்டறிந்தே நிபுணர்கள் முடிவுக்கு வருகிறார்கள். இதற்கென நம் தேசத்தில் வழங்கும் ‘இசா’ அளவுகோலில் 40 அம்சங்கள் உண்டு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் அங்கீகரித்திருக்க, மாற்றுத்திறனாளிச் சான்றிதழை அவமானமென்று கருதி ஒளிப்பது, குழந்தைக்கு நியாயமாக உரியதை நாமே மறுப்பதாகும். பெற்றோரை மாத்திரம் குறைகூறுவதும் தர்மமன்று. தினக்கூலியை இழந்து, கைக்குழந்தையுடன் பஸ் ஏறி, மாவட்டத் தலைநகரிலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு ஒரு கிராமத்துத் தாய் எத்தனை முறை போக முடியும்? அங்கன்வாடியிலேயே முதற்கட்டச் சோதனை நடைபெற வேண்டும்; இறுதி முடிவு வரும்வரை காத்திராமல் பேச்சுப் பயிற்சியும் அன்றே தொடங்க வேண்டும்.