தயாரிக்கும் கைகளும் ஓட்டும் கைகளும்

2019 ஆகஸ்ட் மாதம் ஹங்கேரியில் நடந்த இறுதிச் சுற்றில் பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே நான்காவதாகத்தான் வந்தார். ஆனாலும், சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் 'பாஹா' உலகக் கோப்பையின் மகளிர் பட்டம் அவருக்கே கிடைத்தது. துபாயில் முதலிடம், போர்ச்சுகலில் மூன்றாமிடம், ஸ்பெயினில் ஐந்தாமிடம், ஹங்கேரியில் நான்காமிடம் என அவர் சேர்த்த புள்ளிகள் 65. இரண்டாமிடம் பெற்ற போர்ச்சுகல் வீராங்கனை ரீட்டா வியேராவுக்கு 61. மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்று ஐஸ்வர்யா அப்போது கொண்டாடப்பட்டார்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தப் புள்ளிப் பட்டியல் எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. நான்கு சுற்றுகளில் அவர் வென்றது ஒன்றே ஒன்று. மற்ற மூன்றிலும் பந்தயத்தை முடித்தார், அவ்வளவுதான். மணலும் கல்லும் நிறைந்த நிலப்பரப்பில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் இவ்வகைப் பந்தயங்களில் முடிப்பதே பெரும்பாடு. அதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. நம்பகமான வண்டி, தேர்ந்த மெக்கானிக், பயணச் செலவு, மருத்துவச் செலவு ஆகிய அனைத்தும் வேண்டும்.

மருத்துவச் செலவு என்பது பேச்சுக்காகச் சொன்னதல்ல. 2017-இல் ஐஸ்வர்யாவின் காறை எலும்பு முறிந்தது. மறு ஆண்டு ஸ்பெயினின் அரகான் பந்தயத்தில் விழுந்து கணையத்தில் காயமடைந்தார். அதற்கடுத்த ஆண்டு அதே ஸ்பெயினில் ஐந்தாவதாக வந்து எடுத்த புள்ளிகளும் அந்த 65-இல் அடங்கும். விழுந்தவர் எழுவது மனவுறுதி. எழுந்தவருக்கு மீண்டும் ஒரு வண்டி கிடைப்பது வேறொருவர் செய்யும் முதலீடு.

இந்த இடத்தில்தான் ஒசூர் வருகிறது. தேசியப் போட்டிகளில் ஐஸ்வர்யா ஓட்டியது டிவிஎஸ் ரேசிங் அணிக்காக. ஒசூரில் ஆலை கொண்ட டிவிஎஸ் நிறுவனத்தின் அந்தப் பந்தயப் பிரிவு 1982-இல் தொடங்கப்பட்டது. சென்னையின் அலிஷா அப்துல்லா போன்றோருக்குப் பந்தயம் வீட்டிலேயே அறிமுகமானது. அவருடைய தந்தை ஆர்.ஏ. அப்துல்லா பெயர்பெற்ற பந்தய வீரர். அத்தகைய பின்புலம் இல்லாத பெண்ணுக்கு, குடும்பம் தர இயலாததை ஓர் ஆலையின் அணி தருகிறது. நிறுவனங்கள் செய்யக்கூடிய சமூக மாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால், அந்த மாற்றம் ஆலையின் வாசலிலேயே நின்றுவிடுகிறதோ என்பதுதான் என் கவலை. இந்தியாவின் பெண் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஐந்தில் இருவருக்கும் மேல் தமிழ்நாட்டில் வேலை செய்கிறார்கள். போச்சம்பள்ளியில் அமைந்த ஓலா மின்வாகன ஆலை, 10,000 பெண்களைக் கொண்டே இயங்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஒசூரை ஒட்டிய டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையிலும் பெரும்பான்மையோர் இளம்பெண்களே.

கெலமங்கலம் பகுதியைச் சேர்ந்த பழைய மாணவி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைப் பார்க்க வந்தார். ஒரு வாகன ஆலையில் வண்டிகளுக்கு ஒயரிங் பொருத்தும் வேலை. "நீ வண்டி ஓட்டுவாயா அம்மா?" என்று கேட்டேன். "இல்லைங்க ஐயா. விடுதியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். லைசென்ஸ் எடுக்க வீட்டில் விடவில்லை" என்றார். தன் கைப்பட்ட வண்டி சாலையில் எப்படி ஓடுகிறது என்பதை அவர் அறிந்ததே இல்லை.

பாதுகாப்பு கருதித்தான் வீட்டில் மறுத்திருப்பார்கள். பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டியே 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் அவர்களுக்கு இரவுப் பணியை மறுத்தது. 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. பாதுகாப்பு ஏற்பாடுகளையும் வலியுறுத்தியது. ஆபத்து என்றால் அதைக் குறைக்க வேண்டுமே தவிர, பெண்ணை விலக்கக் கூடாது என்பதே அதன் சாரம். 2018-இல் பணிபுரியும் பெண்களுக்கு இருசக்கர வாகன மானியம் வழங்கியபோது தமிழக அரசும் இதே திசையில்தான் நடந்தது.

இனிச் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. வாகன ஆலைகள் தம் பெண் தொழிலாளர்களுக்கு ஓட்டுநர் பயிற்சியும் உரிமமும் பெற்றுத் தரலாம். சோதனை ஓட்டப் பணிகளிலும் தரப் பரிசோதனையிலும் மெக்கானிக் குழுக்களிலும் குறிப்பிட்ட இடங்களை அவர்களுக்கு ஒதுக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் அதற்கேற்ற மாணவிகளை உருவாக்கலாம். இது கருணை அன்று. பொருத்தும் வேலையை நாளை இயந்திரக் கை செய்துவிடும். வண்டியின் குறையை ஓட்டிப் பார்த்துக் கண்டறியும் அறிவுக்குத்தான் நிலைத்த மதிப்பும் நல்ல ஊதியமும் உண்டு.

இவர்கள் எல்லோரும் உலகக் கோப்பை வெல்ல வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஒசூரின் அணியில் கிடைத்த வாய்ப்பில் சிறு பங்காவது, கெலமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். அதுவரை அந்த வெற்றியில் நாம் கொள்ளும் பெருமை பாதிதான்.