துருப்பிடித்த துப்பாக்கியும் ஒரு துண்டுச் சீட்டும்

போகி வருகிறது. பரணை ஒழிக்க ஆரம்பித்திருப்பீர்கள். அதற்கு முன் இந்த டீச்சர் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். சிலை, நாணயம், முதுமக்கள் தாழி எல்லாவற்றையும் ஓட்டமாகக் கடந்தார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் மட்டும் கூட்டம். உள்ளே துருவேறிய ரிவால்வர். "டீச்சர், இது யாரோடது? யாரையாவது சுட்டிருக்கா?" என்றான் ஒருவன். அட்டையைப் பார்த்தேன். "கைத்துப்பாக்கி, இரும்பு" என்று மட்டும் இருந்தது. இரும்பு என்பது அவனுக்கே தெரியுமே! காவலாளியைக் கேட்டால், "ரொம்ப நாளா இங்கேதான் இருக்கும்மா" என்றார்.

பொருளை மட்டும் காப்பாற்றினால் பாதி வேலைதான் முடிந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரும்பும் கொஞ்சம் பேசும். பழைய ரிவால்வரில் செய்தவர் முத்திரையும் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். வெப்லி என்றிருந்தால் இங்கிலாந்துத் தயாரிப்பு. பிரிட்டிஷ் ராணுவம் 1887-இல் ஏற்றுக்கொண்ட ரிவால்வர் அந்தக் கம்பெனியுடையது. ஆனால் அது அதிகாரியின் இடுப்பில் இருந்ததா, ஜமீன் வீட்டு அலமாரியில் ஒருமுறைகூட வெடிக்காமல் தூங்கியதா? அதை மனிதர்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட துப்பாக்கியைப் பலரும் ரிவால்வர் என்கிறோம். அது பிரௌனிங் பிஸ்டல். ரிவால்வர் என்றால் தோட்டா உருளை சுழல வேண்டும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கும். அன்றே எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு நம் தவறைத் திருத்திக்கொள்ள முடிகிறது.

சென்னை அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த வளரிகள் மூன்று இருந்தன. இரண்டு தந்தம், ஒன்று மரம். அங்கே கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன் புதுக்கோட்டை திவானிடம் விவரம் கேட்டார். எந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் எப்படிச் சுழற்றி எறிவார்கள் என்று திவான் எழுதினார். தேர்ந்த வளரிக்காரர்கள் சமஸ்தானத்தில் இப்போது இல்லை, முயல் போன்றவற்றை வேட்டையாட மட்டும் எப்போதாவது எடுக்கிறார்கள் என்றும் சொன்னார். 1909-இல் வந்த தர்ஸ்டனின் நூலில் அந்தக் கடிதம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் வளரி நமக்கு ஒரு வளைந்த கட்டைதான்.

"கொலை ஆயுதத்தை எதற்குப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்?" என்று சிலர் கேட்பீர்கள். விவரம் இல்லாமல் காட்டினால் அது சினிமாத் துப்பாக்கி. விவரத்தோடு காட்டினால் பாடம்.

ஊரைக் குறை சொல்லும் எனக்கும் யோக்கியதை குறைவுதான். எங்கள் வீட்டில் கனமான பித்தளைச் சாவி ஒன்று இருந்தது. எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. வீடு மாறியபோது பழைய பாத்திரங்களோடு எடைக்குப் போட்டேன். அப்புறம்தான் அத்தை சொன்னார்: "அடிப்பாவி, அது உங்க தாத்தாவோட ரங்கூன் கடைச் சாவிடீ!" 1942-இல் குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், திரும்பிப் போய்க் கடை திறக்கலாம் என்று மடியில் முடிந்து கொண்டுவந்த சாவி. ஒரு துண்டுச் சீட்டு கட்டியிருந்தால் நான் போட்டிருப்பேனா?

அதனால் ஒரு வீட்டுப்பாடம். பழைய பொருள் எது கிடைத்தாலும் ஒரு சீட்டில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன பொருள், யாருடையது, எங்கிருந்து வந்தது, இதைச் சொன்னவர் யார், தேதியோடு. பொருளின் மேல் ஒட்டாதீர்கள், நூலில் கட்டுங்கள். கேட்க வேண்டிய பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள்.

பரணில் துப்பாக்கி கிடைத்தால் விளையாட்டு வேண்டாம். தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அதன் கதையையும் எழுதிக் கொடுங்கள். மண்ணைத் தோண்டும்போது புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தாரிடமோ வி.ஏ.ஓ.விடமோ சொன்னால் வழி காட்டுவார்கள்.

உங்கள் வீட்டுப் பழம்பொருளைப் படம் எடுத்து, நான்கு வரியோடு கீழே போடுங்கள். டீச்சர் திருத்துவேன், மதிப்பெண்ணும் உண்டு!

அன்புடன்,
உங்கள் டீச்சர்