துளிக்குள் ஏறிய அருவி



‘சாரல் தொடங்கிட்டு’ என்று தென்காசியிலிருந்து போன் வந்துவிட்டால் எனக்கு அலுவலகத்தில் இருப்புக்கொள்ளாது. இந்த இதழின் அட்டைப்படத்தை உதவி ஆசிரியர் தலையில் கட்டிவிட்டுப் பொதிகை ரயிலில் ஏறிவிட்டேன். அட்டையில் குறையிருந்தால் திட்டு எனக்கு வரட்டும்.

குற்றாலத்தில் பேரருவிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றபோதே மூக்குக்கண்ணாடி முழுக்கத் துளிகள். எதிரே வெள்ளையாக ஏதோ இரைகிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. துடைக்கலாமென்றால் துண்டும் ஈரம். கழற்றினேன். வெள்ளெழுத்துக்காரன் அல்லவா, வழக்கம்போலக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு குட்டிக் குற்றாலம், தலைகீழாக! தண்ணீர் கீழேயிருந்து மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர், “சார், குளிக்கீயளா, வழி விடுதீயளா?” என்று கேட்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் துளி ஒரு குவிவில்லை. காற்றில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, தண்ணீருக்குள் வந்ததும் சுமார் 2.25 லட்சமாகக் குறைந்துவிடுகிறது. கண்ணாடியில் ஏறக்குறைய 2 லட்சம். சாய்வாக நுழையும்போது இந்த வேகக்குறைவே அதைத் திருப்பிவிடுகிறது. வயலில் மாட்டுவண்டி இறக்கியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: ஒரு சக்கரம் முதலில் சேற்றில் இறங்கினால் வண்டி அந்தப் பக்கம்தான் திரும்பும். இந்தத் திருப்பத்துக்கு 1621-இல் கணக்கு எழுதியவர் என்று ஹாலந்துக்காரர் ஸ்நெல்லைப் பள்ளியில் படித்தோம். அவருக்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்பே பாக்தாத்தில் இப்னு சால் அதைக் கண்டுவிட்டார். பாடப்புத்தகம் அவருக்கும் ஒரு வரி கொடுக்கலாம்.

குளித்த பசிக்கு வாழைக்காய் பஜ்ஜி. பழைய பத்திரிகைத் தாளில் வைத்துக் கொடுத்தார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் பின்பக்கத்து எழுத்து பளிச்சென்று தெரிந்தது. தாள் என்பது நார்களும் இடையிடையே காற்றும்தான். நாருக்கும் காற்றுக்கும் மாறி மாறி நுழையும் ஒளி, ஒவ்வொரு முறையும் திரும்பிச் சிதறுவதால்தான் தாள் வெள்ளையாக இருக்கிறது. எண்ணெய் அந்தக் காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. ஒளியின் வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் எண்ணெய்க்கு 1.47, நாரின் எண் 1.5-ஐ ஒட்டியது. இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம். ஒளி திரும்பாமல் போய்விடுகிறது. (அது நம் இதழின் தாள் இல்லை. திருப்பிப் பார்த்த பிறகே பஜ்ஜியில் கை வைத்தேன்.)

தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்குவதும் இதே கதை. நம் கண்ணுக்குள் வரும் ஒளியை மூன்றில் இரண்டு பங்கு திருப்புவது உள்ளிருக்கும் வில்லை அல்ல, கார்னியா என்ற முன்படலம். அதன் எண் 1.38, தண்ணீருடையது 1.33. காற்றில் கெட்டிக்காரனாக இருந்த படலம், தண்ணீரில் முழுகியதும் வேலையற்றுப் போகிறது.

உள்ளிருக்கும் வில்லை புரை விழுந்து மங்கினால்? என் அம்மாவுக்கு அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்து நான்கு வருடமாகிறது. விமானக் கூரையின் அக்ரிலிக் சில்லுகள் போர் விமானிகளின் கண்ணில் தைத்தும் உறுத்தாமல் கிடந்ததைக் கவனித்த லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949-இல் அதே வகைப் பொருளில் வில்லை செய்து முதன்முதலாகப் பொருத்தினார். வெகுகாலம் அது நம்மவர்க்கு எட்டாத விலை. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் கூட்டம், 1992-இல் அங்கேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் கண்டு விலையைப் பல மடங்கு இறக்கியது. நொபெல் கிடைக்காத இந்தக் காரியத்தை நான் நொபெலுக்குக் குறைத்து மதிப்பதில்லை.

கிளம்பும் முன் ஓடையில் கால் நனைத்து நின்றேன். பக்கத்தில் நின்ற சிறுமி ஒருத்தி, “தாத்தா, ஒங்க காலு ஏன் குட்டையாயிட்டு?” என்றாள். ஒளி திரும்பி வந்தாலும் நேராக வந்ததாகவே கண் நினைத்துக்கொள்கிறது. அதனால் தண்ணீருக்குள் இருப்பதெல்லாம் மேலே எழும்பித் தெரிகிறது. நேர்மேலிருந்து பார்த்தால் 8 அடிப் பள்ளம் 6 அடியாகத் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாக.

சீசனுக்குப் பிள்ளைகளோடு கிளம்பும் வாசகர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். அடிக்கல் தெரிகிறதே என்று தெளிந்த தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள். உள்ளூர்க்காரரிடம் ஆழம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்