எந்தச் செல்லில் வென்றது மருந்து?

பார்கின்சன் பெரும்பாலும் முதுமையில் வரும் நோய். அதை ஆராயும் கூடங்களில் அதிகம் புழங்கும் எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் செல்களோ, 1970-இல் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்தவற்றின் வழித்தோன்றல்கள். ஓயாமல் பெருகும் செல்லை வைத்து, பெருகாமலே மடியும் நரம்பணுவைப் படிக்கிறார்கள். விந்தைதான்!

இதற்கு மாற்றாக, ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்காவின் முறையில் நோயாளியின் தோல் செல்லையே குருத்தணுவாக்கி, நரம்பணுவாக வளர்க்கலாம். ஆனால் அந்த மாற்றத்தில் செல்லின் மூப்பும் பெருமளவு அழிந்துபோகிறது. எழுபது வயதுக்காரரின் நரம்பணு ஆய்வகத் தட்டில் சிசுவாகிவிடுகிறது. 2014-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஜெல்லுக்குள் முப்பரிமாணமாக வளர்த்த நரம்பணுக்களில்தான் மற்றொரு முதுமை நோயான அல்சைமரின் அமிலாய்டு புரதப் படிவும் டவ் புரதச் சிக்கலும் ஒருசேரத் தெரிந்தன. அதற்கும் பரம்பரை அல்சைமரின் மரபணுப் பிறழ்வுகளைப் புகுத்த வேண்டியிருந்தது.

‘ஆய்வகத்தில் மருந்து வென்றது’ என்று அறிவிப்போர், எந்தச் செல்லில் என்பதையும் முதல் வரியிலேயே சொல்லட்டும்.