நாற்றம் யார் குற்றம்?



"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்றனர் நம் முன்னோர். ஆனால் நன்றாகக் கசக்கித் துவைத்த சீருடையிலும் மாலைக்குள் வியர்வை நாற்றம் வீசுவதுண்டு. உடனே அதை அணிந்தவளைச் சோம்பேறி என்றெண்ணி விலகி அமர்கிறோம். இது முறையா?

வியர்வைக்குத் தனியே நாற்றம் இல்லை எனலாம். தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கிறது. 2014இல் பெல்ஜியம் நாட்டின் கெண்ட் பல்கலைக்கழகத்தார் உடற்பயிற்சி செய்த 26 பேரின் சட்டைகளை ஆராய்ந்தனர். பருத்தியைவிடப் பாலியெஸ்டரே அதிகம் நாறியது. ஆகவே, அணிந்தவளை மட்டும் குறைகூறுவது நியாயமன்று.

இதற்கு எளிய வழி உண்டு. அரை வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் வினிகரைக் கலந்து, துணியின் உட்புறத்தை வெளியே திருப்பி, அரை மணி நேரம் ஊற வையுங்கள். பின்னர் சோப்பிட்டுத் துவைத்து, அலசி, வெயிலில் உலர்த்துங்கள். வினிகருடன் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு எழும். முகப்பவுடர் நாற்றத்தை மறைக்குமே தவிரப் போக்காது.

பாலியெஸ்டர் விரைவில் உலரும், கசங்காது என்பது உண்மையே. ஆயினும், நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி மிகுந்த துணியே சீருடைக்கு ஏற்றது. பெரியோர் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

ஒரே சீருடையை அன்றாடம் துவைத்து அணியும் தோழியரும் நம்மிடையே உண்டு. அவர்கள்முன் மூக்கைப் பொத்தாமல், இம்முறையை அன்போடு சொல்லிக்கொடுப்போம். துணியின் அழுக்கு துவைத்தால் போகும். சொல்லால் பட்ட காயம் போகாது!