567 டிகிரி போதும்

அணுசக்தித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிடும் ‘சாந்தி’ சட்டம் 2025 டிசம்பரில் நிறைவேறியது முதல் எல்லோரும் ஒரே கேள்வியை மென்றுகொண்டிருக்கிறார்கள்: விபத்து நடந்தால் உலையை விற்ற நிறுவனம் இழப்பீடு தருமா, தராதா? கேட்க வேண்டியதுதான். ஆனால் கதிர்வீச்சு கசிகிறது என்பதை யார், எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்க நாதியில்லை. 9 ஜிகாவாட்டைக்கூடத் தொடாமல் கிடந்த அணுமின் திறனை 2047-க்குள் 100 ஜிகாவாட் ஆக்கப் போகிறார்களாம். அளக்கிற கருவியைப் பற்றிய பேச்சையே காணோம்.

ஆபத்து உலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் டெல்லி மாயாபுரியை மறந்தவர்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் 1968-இல் கனடாவிலிருந்து வாங்கிய காமாக் கதிர்க் கருவி ஒன்று 1985 முதல் சும்மா கிடந்தது. 2010 பிப்ரவரியில் அதைப் பழைய இரும்போடு ஏலம் விட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஒரு தொழிலாளி இறந்தார். விஷயம் எப்படி வெளியே வந்தது? கடைக்காரரின் தோல் கறுத்து, முடி கொட்டியபோது. நாட்டின் தலைநகரில் அன்று வேலை செய்த ஒரே டிடெக்டர் மனித உடம்புதான்.

மெக்சிகோவின் ஹுவாரெஸில் நடந்தது இன்னும் விசித்திரம். மருத்துவமனைக் கருவி ஒன்றின் கோபால்ட் பழைய இரும்போடு உருகி, கட்டடக் கம்பியாகி, எல்லை தாண்டி அமெரிக்காவுக்கும் போய்விட்டது. 1984 ஜனவரியில் கம்பி ஏற்றிய லாரி ஒன்று வழி தவறி லாஸ் அலமாஸ் அணு ஆய்வகத்தின் வாசலுக்குப் போனது. அங்கிருந்த கருவி அலறியது. டிரைவர் சரியான சாலையில் திரும்பியிருந்தால்? அந்தக் கம்பிகள் ஊர் ஊராகச் சுவருக்குள் போயிருக்கும்.

கைகர் மானி மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். அது கதிர் வருகிறது என்று சொல்லுமே தவிர, எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று சொல்லாது. அதைச் சொல்லக் கதிரின் ஆற்றலைத் துல்லியமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜெர்மேனியம் அதை அற்புதமாகச் செய்யும். ஆனால் திரவ நைட்ரஜன் போன்ற ஏற்பாட்டால் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரும்புக் கடைக்கு அது ஆகாது. சாதாரண வெப்பத்திலேயே வேலை செய்வது காட்மியம் துத்தநாக டெல்லுரைடு. பழுதில்லாத பெரிய படிகமாக வளர்ப்பதற்குள் உயிர் போய்விடும் என்பதால், உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே அதைச் செய்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றான கனடாவின் ரெட்லெனை 2021-இல் கேனன் வாங்கிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் 567 என்ற எண்ணை வாசகர் மனப்பாடம் செய்ய வேண்டும். அதே வேலைக்கு உதவும் சீசியம் ஈய புரோமைடு என்ற பெரோவ்ஸ்கைட் வகைக் குறைக்கடத்தி உருகும் வெப்பநிலை அது. டெல்லுரைடுக்கு ஏறக்குறைய 1,100 டிகிரி வேண்டும். அலுமினியத்துக்கே 660 டிகிரி என்றால் பாருங்கள்: அண்டா வார்க்கும் பட்டறையின் சூடுகூட இதற்கு வேண்டாம். மூலப்பொருள்களில் ஈயமும் புரோமினும் அரிதே அல்ல. சின்னச் சின்னப் பழுதுகளையும் இந்தப் படிகம் பொறுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கனட்சிடிஸ் குழு 2013-இல் இதைக் கதிர்வீச்சைக் கண்டறியப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. சீசியம்-137 உமிழும் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரை அதே குழு பின்னர் 1.4 சதவீதத் துல்லியத்தில் பிரித்துவிட்டது. காலங்காலமாகப் புழங்கும் சோடியம் அயோடைடு படிகம் அதே வேலையில் 7 சதவீதத்தைச் சுற்றித்தான் தடுமாறுகிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் ஐந்து மடங்கு! உருக்கும் செலவு? மறுபடியும் சொல்கிறேன், 567 டிகிரி.

ஈயம் நஞ்சு என்று ஒரு கூட்டம் வரும். கதிரைத் தடுக்கச் செங்கல் செங்கலாக ஈயத்தைத்தானே அடுக்குகிறோம்? போட்டிப் பொருளில் இருக்கும் காட்மியம் என்ன கற்கண்டா? பெரோவ்ஸ்கைட் நிலைக்காது என்பவர்கள் சூரியத் தகட்டின் கதையை இங்கே ஒப்பிக்கிறார்கள். அங்கே பெரிய தலைவலி கரிம மூலக்கூறு கலந்த வகைகள். இதில் கரிமமே கிடையாது. மின்னழுத்தத்தில் அயனிகள் இடம் மாறும் சிக்கல் உண்டுதான். ஆய்வகங்கள் எதற்கு இருக்கின்றன?

நம் அரசுகளுக்குக் குறைக்கடத்தி என்றால் செல்போன் சிப் மட்டும்தான். தோலேராவில் 91,000 கோடி ரூபாய் சிப் ஆலை; பாதிச் செலவு வரை ஒன்றிய அரசு ஏற்கிறது. தமிழ்நாடும் 2025 பட்ஜெட்டில் 500 கோடியில் குறைக்கடத்தி இயக்கம் அறிவித்தது. சூலூரிலும் பல்லடத்திலும் பூங்காக்கள் வருமாம். இத்தனைக்கும் படிகம் வளர்ப்பதில் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையம் 1982-இலேயே வந்துவிட்டது. அதை நிறுவிய ராமசாமியும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் சங்கரநாராயணனும் 2005-இல் வெளியிட்ட, கரைசலிலிருந்து ஒரே திசையில் படிகம் வளர்க்கும் முறை இன்று அவர்கள் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளைகளோ ஒளியியல் படிகம் ஒன்றை வளர்த்து, கட்டுரை ஒன்றை எழுதி, பட்டம் வாங்கி, பொறியியல் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். படிகம் அலமாரியில்.

அந்த 500 கோடியில் 50 கோடியைச் சென்னைக்கும் காரைக்குடிக்கும் கொடுங்கள். கல்பாக்கம் அணு மையம் பக்கத்தில் இருக்கிறது; சோதித்துப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். ஐந்தே ஆண்டில் செல்போன் விலைக்கு டிடெக்டர் வந்துவிடும். அதுவரை எந்தத் தனியார் உலைக்கும் உரிமம் தரக் கூடாது. தருவதாக இருந்தால், இங்கே வளர்த்த படிகத்தைத்தான் வேலியைச் சுற்றிப் பொருத்த வேண்டும் என்று உரிமத்தின் முதல் நிபந்தனையாக எழுத வேண்டும்.