வளைவது வலிமை அல்ல!

சேலம் அம்மாபேட்டை நெசவாளருக்குத் தெரியும்: பாவு தளர்ந்தால் நெசவு கெடும்.

மூட்டும் அப்படித்தான்!

சில குழந்தைகள் கட்டை விரலை வளைத்து முன்கையைத் தொடுகிறார்கள். பெரியவர்கள் "சபாஷ்" போடுகிறார்கள். அதே குழந்தை "கால் வலிக்கிறது" என்றால், "சோம்பேறி" என்று திட்டுகிறார்கள். இரண்டும் தவறு.

எலும்புகளை இணைக்கும் நார்கள் தளர்ந்திருந்தால் மூட்டு அளவுக்கு மீறி வளையும். பலருக்கு அதனால் தொல்லை இல்லை. சிலருக்கோ வலி, சுளுக்கு உண்டாகும். மூட்டு நழுவுவதும் உண்டு.

இதைக் கண்டறிய, டாக்டர் பெய்ட்டனும் மற்றவர்களும் 1973-ல் வெளியிட்ட 9 மதிப்பெண் சோதனை இன்றும் பயன்படுகிறது.

வளைத்துக் காட்டும் வேடிக்கையை நிறுத்த வேண்டும். நிற்கும்போது முழங்காலைப் பின்னால் தள்ளக் கூடாது. அதற்காக முடங்கியும் கிடக்கக் கூடாது. டாக்டர் யோசனைப்படி, தசைக்கு மெல்ல மெல்ல உரமேற்றும் பயிற்சி செய்ய வேண்டும்.

நார் தளர்ந்தவருக்குத் தசைதான் துணை!